பி சமம்

தண்டையார்பேட்டையில் இரவு பதினொன்றே முக்கால்.
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பிவிட்டது.
ஜன்னலைச் சாத்தினாலும் அறைக்குள் எண்ணெய் நாற்றம்.
திரையில் அதே வரி, பதினாலாவது தடவை:
கையொப்பம் பொருந்தவில்லை.

எர்ணாவூர் தாண்டி டிரெய்லர் வரிசையில் கோதண்டபாணி.
மூன்று மணி நேரமாக ஒரு சக்கரமும் உருளவில்லை.
"மெயில் வந்தாத்தான் கேட்டு தொறப்பானாம் மேடம்.
உங்க மெயில அவன் கம்ப்யூட்டரு துப்புதாம்.
இன்னாதான் பண்ணிக்கினு கீறீங்கோ?"

தலைப்பு வரிகளைப் படித்துக்கொண்டு கீறேன் ஐயா.
டி சமம், எங்கள் கம்பெனி.
எஸ் சமம், எந்தச் சாவி.
எச் சமம், எந்தெந்த வரிக்கு நாங்கள் பொறுப்பு.
பி எச் சமம், கடிதத்தின் உடம்பை அரைத்த விழுது.
கடைசியில் பி சமம். அதுதான் கையொப்பம்.

அதைக் கணக்கிடும்போது மட்டும்
அதன் இடம் காலியாக இருக்க வேண்டும்.
தன்னை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அரைத்து
வருவதைத் தன் பெயராக எழுதிக்கொள்கிறது.
லைப்ரரியில் நூற்றுப்பன்னிரண்டாம் வரி இதைச் செய்கிறது.
சரியாகத்தான் செய்கிறது,
மூன்று முறை பார்த்துவிட்டேன்.

போன மாதம் வங்கியில் என் காசோலை திரும்பியது.
பெனடிக்டாவில் கடைசி எழுத்தின் வால்
பத்து வருஷத்துக்கு முந்தைய வால் போல இல்லையாம்.
நான்தான் அது என்று எதிரில் நின்றேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை, கார்டைப் பார்த்தார்.
சிம்பிள் என்பார்கள் இந்த முறையை,
ஒரு வெற்றிடம் கூடினாலும் ஆள் வேறு.
கீழே டீக்கடை மஸ்தான் ரிலாக்ஸ்டு.
"மாடி அக்கா, ரெண்டு டீ" என்று நோட்டில் போதும்.
இரண்டு இடைவெளி அவருக்கு ஒன்று,
வரிக்கடைசியில் தொங்குவதை உதறிவிடுவார்.

அந்தக் கார்டில் இன்னொன்றும் பார்த்தேன்.
கணவர் பெயர் என்ற கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன்.
யாரோ பென்சிலில் என் அண்ணன் பெயரை எழுதியிருந்தார்கள்.

பன்னிரண்டு இருபது. பிடித்துவிட்டேன்.
கப்பல் பெயர், கன்டெய்னர் எண், சீல் எண், எல்லாம் சேர்ந்து
பொருள் வரி எழுபத்தெட்டு எழுத்தைத் தாண்டுகிறது.
நான் கையொப்பமிட்ட பிறகு
அனுப்புகிற நிரல், யாரும் கேட்காமலே,
அதை மடித்துவிடுகிறது,
பேன்ட்டின் கீழ்விளிம்பை மடிக்கிற டெய்லர் மாதிரி.
ஒரு சொல்லும் மாறவில்லை. ஒரு மடிப்பு.
அந்தப் பக்கம் அரைத்தால் வேறு விழுது.

முதலில் மடி, பிறகு கையொப்பமிடு.
இரண்டு வரிகளை இடம் மாற்றினேன்.
ரிலாக்ஸ்டு என்றும் போட்டேன்,
நாளைக்கு வேறு எவனாவது மடிப்பான்.
பிறகு எச் வரிசையில்
அனுப்புநர் என்பதை இரண்டு முறை எழுதினேன்.
கடிதத்தில் இருப்பது ஒன்றுதான்.
இரண்டாவது, இல்லாத அனுப்புநருக்கு.
இனி வழியில் யாராவது இன்னொரு பெயரைச் செருகினால்
முத்திரை உடையும்.
காலி இடத்துக்கும் கையொப்பமிடலாம்.
பென்சில்காரர்களே,
இதை எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை.

பாஸ், என்றது திரை.
எடை இருபத்தாறு டன் என்கிறது கடிதம்.
அது நிஜமா என்று கையொப்பத்துக்குத் தெரியாது.
எனக்கும் தெரியாது.
சொன்னது நாங்கள், நடுவில் யாரும் மாற்றவில்லை,
அவ்வளவுக்குத்தான் சாட்சி.

ஒன்றே காலுக்குப் போன்.
பின்னால் ஏர் பிரேக் சீறுகிறது.
"உள்ள வந்துட்டேன் மேடம். சீலக்கூட இழுத்துப் பாக்கல.
ரெஜிஸ்டர்ல கையெழுத்து கேட்டான், பேனா எழுதல.
விரல்ல கிரீஸ் இருந்திச்சா,
நாட்டு வெச்சிட்டு வந்துட்டேன்."